மழை வந்தால் அணைந்துவிடும் பெட்டி

ஊர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில்தான் அடுப்புக்காரருக்கு வேலை முடியும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே ரொட்டிக்கடைக்குப் போய், அடுப்பைச் சூடேற்றி, தட்டுத் தட்டாக மாவை உள்ளே தள்ளி, பொன்னிறம் ஏறியதும் நீளக்கம்பியால் இழுத்து எடுத்து, கடைசி ஈடு ரொட்டியை ஆறவைத்துவிட்டு அவர் வெளியே வரும்போது வெயில் உச்சியில் நிற்கும். அத்தனை நேரம் நெருப்பின் முன் நின்றவருக்கு அந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை. சட்டையில் மாவுத்தூளும், முன்னங்கைகளில் பழைய சூட்டுத் தழும்புகளுமாக, கையில் இரண்டு உடைந்த ரொட்டிகளோடு நடந்து வருவார். விற்க முடியாத ரொட்டிகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது கடை வழக்கம். முன்பெல்லாம் நாலைந்து எடுத்து வருவார். இப்போது இந்த இரண்டிலேயே ஒன்று மீந்துபோகிறது.

மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள், கடல் தாண்டி ஓர் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணம் ஆகி அங்கேயே இருக்கிறாள். வீட்டில் அவரும், ஒரு குளிர்சாதனப் பெட்டியும், மகளின் பழைய அறையில் அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரும் மட்டும்தான். குளிர்சாதனப் பெட்டியாவது அவ்வப்போது உறுமும். அதுவும் நின்றுபோன நேரத்தில் வீடு எப்படி இருக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மகளோடு போனில் பேசுவது அவருக்குப் பெரும் பாடு. பாசம் இல்லாமல் இல்லை. பேச்சு வராது, அவ்வளவுதான்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"மாப்பிள்ளை?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"சரி. வச்சிடட்டுமா?"

"ம்."

இதே பேச்சுதான் மாசக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது மகளுக்கே சலித்துப்போய், அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். லாரி ஓட்டுகிற விளையாட்டு. சுடுவது வெட்டுவது எதுவும் கிடையாது. ஓர் ஊரில் சரக்கு ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். நிஜத்தில் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியறியாத மனிதர் முதல் நாளே ஒரு பாலத்தின் கைப்பிடியைப் பெயர்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார். மகள் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்கும் நாளாகியிருந்தது.

அவள் ஊருக்குப் போன பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அங்கே அவளுக்கு இரவு வேலை முடிந்து வீடு வரும் காலை, இங்கே இவருக்கு மதியம். இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு லாரியில் புறப்படுவார்கள். அவள் முன்னால், இவர் பின்னால். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ, கைக்கு ஒரு வேலை இருப்பதாலோ, போனில் வராத பேச்சு இதில் வந்தது. ரொட்டிக்கடை முதலாளியம்மாவின் கஞ்சத்தனத்தை இவர் சொல்வார். மாத்திரையை வாய்க்குள் ஒதுக்கிவைத்து ஏமாற்றும் கிழவரைப் பற்றி அவள் சொல்வாள். அம்மாவைப் பற்றிக்கூட ஓரிரு தடவை பேசினார்கள்.

பிறகு அந்த விளையாட்டில் புதிதாக மலைப்பாதை ஒன்று வந்தது. மழை, மூடுபனி, வழுக்கும் வளைவு எல்லாம் அதில் உண்டு. பழைய கம்ப்யூட்டரால் அதைத் தாங்க முடியவில்லை, படம் விட்டுவிட்டு வந்தது. மகள் தெரிந்தவர் மூலம் படத்தைத் திரையில் வரைந்து காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அனுப்பினாள். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "இதெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று மாட்டிக்கொடுத்தார். பவர் வயர் பொருந்தவில்லை. எதையோ எதிலோ இணைத்து ஒரு வழியாக ஓடவைத்தார்.

ஓடியது. நன்றாகவே ஓடியது. மரத்தில் இலை அசைவதுகூடத் தெரிந்தது. ஆனால் மலை ஏறி மழை பிடித்த கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்தது. திரை கருப்பு, விசிறி நின்றது, மகளின் குரல் பாதியில் அறுந்தது.

"சூடாயிருக்கும் சார்" என்றார் மாடி வீட்டுக்காரர். அடுப்புக்காரர் காற்றாடியைத் தூக்கிவந்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராக வைத்தார். தனக்கு வியர்த்துக் கொட்டியது, பெட்டிக்குக் காற்று. மறுநாளும் மழையில் அணைந்தது.

அடுத்த தடவை நடந்ததுதான் விஷயம். மலையில் நல்ல மழை. வளைவுகளில் வேகம் எடுக்க முடியாது, ஊர்ந்துதான் போக வேண்டும். அப்படி ஊரும்போதுதான் மகள் மனசில் இருப்பதைப் பேசுவாள் என்பதை, படம் விட்டுவிட்டு வந்த நாள்களிலேயே அவர் கவனித்திருந்தார். வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும் சொல்லணும்னு…"

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மனைவியும் இதே மாதிரிதான் ஆரம்பிப்பாள். பட்டென்று பெட்டி அணைந்தது.

கருத்த திரையில் தன் முகம் தெரிய, ஹெட்போனைக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு வந்தது கோபமோ பதற்றமோ இல்லை. அப்பாடா என்றிருந்தது. எழுந்து போய் ரொட்டியைக் குழம்பில் தொட்டுத் தின்றார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். துணி துவைத்தார். போன் சமையல் மேடையிலேயே இருந்தது. அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

நாள்கள் போயின. மதியம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்ப்பார், மகள் வந்திருக்க மாட்டாள். கடையில் ஒரு ஈடு ரொட்டியைக் கருக்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று முதலாளியம்மாவே கேட்டாள். அன்று வழியிலேயே நின்று போன் போட்டார்.

"அன்னைக்குக் கரண்ட் கட்டாயிடுச்சு பாப்பா. அதாவது, பெட்டி நின்னுபோச்சு."

"போன் இருந்துச்சுல்ல?"

பக்கத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அம்மா ஏதாவது பேச ஆரம்பிச்சாலும் இப்படித்தான். உள் ரூம்ல படுத்திருப்பேன். நீங்க செருப்பு மாட்டற சத்தம் கேக்கும். அப்புறம் கேட் சத்தம். அம்மாவோட டாக்டர் ரிப்போர்ட் வந்த அன்னைக்கும் அதே சத்தம்தான்."

"இல்லடா. மெஷின்தான். சத்தியமா மெஷின்தான்."

"சரிப்பா. மெஷின்தான்."

அந்த "சரிப்பா" அவரைப் பாடாய்ப் படுத்தியது. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. மெஷின் நின்றது உண்மை. ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்து அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சரிசெய்யக்கூடிய ஒன்றையாவது சரிசெய்வோம் என்று வீட்டுக்குப் போனார். சிபியு பெட்டியை மைதா மாவு மூட்டைக்கான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்கு நடந்தார்.

அந்தக் கடையை நடத்துகிறவளுக்கு 'ஸ்க்ரூ அக்கா' என்று பெயர். நாற்பது வயசு இருக்கும். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் இரண்டு ஸ்க்ரூடிரைவர். மேசை முழுக்கக் குடலை வெளியே போட்ட லேப்டாப்கள்.

"என்னண்ணே பிரச்சனை?"

"மழை பெஞ்சா நின்னுபோகுதும்மா."

"வீடு ஒழுகுதா? பெட்டிக்குள்ள தண்ணி போயிருச்சா?"

"ஐயோ, அந்த மழை இல்ல. விளையாட்டுக்குள்ள பெய்யிற மழை."

அவள் நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த மீசை, மாவு படிந்த சட்டை. "பேரனா விளையாடறது?"

"நான்தான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"கார்டு ஜோரா இருக்கு. இதை யாரு மாட்டுனது?"

"மாடி வீட்டுக்காரர்."

"அவர நான் பாத்தேன்னா கைய முறிச்சிடுவேன்னு சொல்லுங்க. ஹார்ட் டிஸ்குக்குப் போற சின்ன வயர்லேர்ந்து கார்டுக்கு இணைப்பு குடுத்திருக்காரு. இங்க பாருங்க, பிளாஸ்டிக் பழுப்பாகிப்போய் நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உருகியிருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளை இணைப்பின் விளிம்பு, அடுப்பில் ஒரு நொடி அதிகமாக இருந்துவிட்ட ரொட்டி மாதிரி பழுப்பேறியிருந்தது.

"அப்ப வயரை மாத்துனா போதுமா?"

"போதாது. வயர் பாதிக் குத்தம்தான். மீதி இது." பெட்டியின் மூலையில் இருந்த தகரச் சதுரத்தைத் தட்டினாள். "பவர் சப்ளை. சுவத்துலேர்ந்து வர்ற கரண்டை வாங்கி உள்ள இருக்கறவங்களுக்குப் பங்கு போட்டுக் குடுக்கறவரு."

"அதுல நானூத்தம்பது வாட்டுன்னு போட்டிருக்கே. கார்டு இருநூத்தி இருபதுதான் சாப்பிடும்னு மாடி வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னாரே."

"பெரிய எழுத்துல போடறத நம்பாதீங்கண்ணே. கீழ பொடி எழுத்துல பாருங்க. கார்டுக்கும் பிராசஸருக்கும் போறது பன்னண்டு வோல்ட் வழிதான். அந்த வழியில இவரால இருபது ஆம்பியர்தான் குடுக்க முடியும். பன்னண்ட இருபதால பெருக்குங்க."

அவர் மனசுக்குள் பெருக்கினார். "இருநூத்தி நாப்பது."

"கார்டுக்கே இருநூத்தி இருபது போயிருச்சு. மிச்சம் இருபதுல பிராசஸர் வாழ முடியுமா? மிச்ச வாட்டெல்லாம் வேற வழியில இருக்கு, இவங்களுக்கு உதவாது. அதுவும் இந்த இருநூத்தி இருபதுங்கறது சராசரி. மழை, பனின்னு ஒரேயடியா வரைய வேண்டி வந்தா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முன்னூறு முன்னூத்தம்பதுன்னு ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பத் தாங்க முடியாமத்தான் இவரு கையத் தூக்கிடறாரு."

"கெட்டுப்போய் நிக்கலையா?"

"கெட்டுப்போகக் கூடாதுன்னுதான் நிக்கறாரு. தன்னையும் காப்பாத்திக்கறாரு, மத்ததையும் காப்பாத்தறாரு. அதுக்காக பாதியில எழுந்து போறவர வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுப்புக்காரர் வெளியே பார்த்தார். மழை பிடித்துவிட்டிருந்தது. எதிர்க்கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வழியும் இருக்கு" என்றாள் ஸ்க்ரூ அக்கா. "புதுசா எதுவும் வேணாம். வயரை மட்டும் ஒழுங்கு பண்ணிட்டு, கார்டு ரொம்ப இழுக்காதபடி கட்டுப்படுத்தி வைக்கலாம். விளையாட்டுல மழையையே எடுத்துவிட்டுடலாம். வெயில்லயே ஓட்டுங்க. ஓரளவுக்கு நிக்காது."

"மழை வேணும்மா."

"எதுக்குண்ணே? ரோடு தெரியாது, வழுக்கும்."

"வெயில்ல எம்பொண்ணு வேகமா ஓட்டுவா. பேச மாட்டா. மழையிலதான் மெதுவாப் போவோம்." சொல்லிவிட்டு, அன்னியரிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது. "அவ வெளிநாட்டுல இருக்கா."

ஸ்க்ரூ அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்து பவர் சப்ளை இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். முதல் பெட்டியில் வண்ண விளக்கு எரியும் விசிறி, கொட்டை எழுத்தில் எண்ணூறு வாட். இரண்டாவது வெறும் கருப்பு, அறுநூற்றைம்பது.

"ரெண்டையும் கையில தூக்கிப் பாருங்க."

தினமும் மாவை உள்ளங்கையிலேயே எடை பார்க்கிறவர் அவர். எண்ணூறு காற்றடைத்த மாதிரி இருந்தது. அறுநூற்றைம்பது கையை இறக்கியது.

"எடை மட்டும் பாத்து முடிவு பண்ணக் கூடாது. பொடி எழுத்தையும் படிங்க" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். விளக்குப் பெட்டியில் பன்னிரண்டு வோல்ட் வழியில் எவ்வளவு என்று போடவே இல்லை. கருப்பில் ஐம்பத்துநாலு ஆம்பியர்.

"அது கிட்டத்தட்ட மொத்தத்தையும் அந்த வழியிலேயே குடுக்கும். இழுப்பு வந்தாலும் அசையாது. கார்டுல ரெண்டு சாக்கெட் இருக்கு, ரெண்டுக்கும் தனித்தனி வயர் இதுலயே வருது. ஒரே வயரப் பிரிச்சுக் குடுக்க வேணாம்."

"இதவிடப் பெரிசு வேணாமா? ஆயிரம் வாட்டுன்னு மேல ஒண்ணு இருக்கே."

"உங்க கார்டுக்கு அது எதுக்கு? கேக்கறதத்தான் அது குடுக்கப்போகுது. தேவைக்கு மேல கொஞ்சம் தெம்பு இருந்தாப் போதும்ணே. அது இதுல இருக்கு."

அவர் கருப்புப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. உடனே சரி என்றும் சொல்லவில்லை. இதை மாட்டிவிட்டால் இனிப் பெட்டி அணையாது. மகள் அந்தக் குரலில் ஆரம்பித்தால் முடிவு வரை கேட்டாக வேண்டும்.

"என்னண்ணே, யோசனை?"

"இது எந்த நேரத்துலயும் நிக்காதுல்ல?"

"ஊருக்கே கரண்ட் போனா நிக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"மாட்டிடும்மா" என்றார்.

மழை விடும்வரை அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழையதைக் கழற்றி, புதியதை நாலு திருகால் இறுக்கி, வயர்களை ஒவ்வொன்றாக 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். பிறகு கார்டைத் திணறடிக்கும் ஒரு சோதனையை ஓடவிட்டு, இருவரும் வறுத்த கடலை தின்றுகொண்டே காத்திருந்தார்கள். விசிறி இரைந்தது. திரை அணையவில்லை. "எடுத்துட்டுப் போங்க" என்றாள். "மாடி வீட்டுக்காரரை மட்டும் கிட்ட விடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 'புது பவர் சப்ளை மாட்டியாச்சு. நாளைக்கு வா.' அவள் படித்தாள். பதில் வரவில்லை. மறுநாள் வேலை முடிந்து, ரொட்டியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தார். சரக்கு ஏற்றும் இடத்தில் அவருடைய லாரி தனியாக நின்றது. வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. கிளம்பாமல் இஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தார். அரைத்தூக்கத்தில் தலை சரிந்த நேரத்தில், பக்கத்தில் இன்னொரு லாரியின் விளக்கு எரிந்தது.

"மலைக்கா போறோம்?" என்றாள் மகள். குரலில் களைப்பு.

"மலைக்குத்தான்."

மலையில் ஏறியதும் மழை வந்தது. தூறலாக ஆரம்பித்து, சட்டென்று வலுத்து, கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. அடுப்புக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெட்டியின் விசிறி ஒரு சுருதி ஏறி இரைந்தது. அவ்வளவுதான். லாரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வளைவு தாண்டினார்கள்.

"அவரு கூட நான் இல்லப்பா" என்றாள் மகள் திடீரென்று. "தனியாத்தான் இருக்கேன். ஒரு ரூம் எடுத்து. போன மழைக்காலத்துலேர்ந்து."

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார், வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொன்னதெல்லாம் அவருக்குள் வரிசையாக வந்து நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"மாப்பிள்ளை நல்ல மனுஷன்தானேம்மா. கொஞ்சம் அனுசரிச்சு…"

"பாத்தீங்களா?" என்றாள். "இதுக்குத்தான் சொல்லல. அம்மா இருந்திருந்தா என்ன ஆச்சுன்னு முதல்ல கேட்டிருப்பா."

ஹெட்போனில் ஏதோ கழன்று விழுந்த சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. முன்னால் போன லாரி வேகம் குறைந்து, வளைவைத் தாண்டி ஓரமாக நின்றது. அவள் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போயிருந்தாள்.

"பாப்பா?"

அவர் தன் லாரியை அவள் லாரிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் வருகிறவர்கள் மோதிவிடாதபடி இரண்டு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டார். யார் யாரோ முகம் தெரியாத ஓட்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். பசித்தது. கால் மரத்துப்போயிற்று. எழுந்திருக்கலாம் என்று ஒரு தடவை கையைக்கூட மேசையில் ஊன்றினார். பிறகு கையை எடுத்துவிட்டார். பெட்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, அணைவதாகவே தெரியவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிவதையும், முன்னால் நிற்கும் அந்த ஆளில்லாத லாரியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு மேசை என்று மகள் இருக்கும் இடத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். எவ்வளவு முயன்றாலும் இந்த அறையேதான் வந்தது.

வெளியே தெருவில் பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டு அடங்கியது. அறையில் வெளிச்சம் மஞ்சளானது. அப்போது ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இன்னும் இங்கயேவா நிக்கறீங்க?"

"உன் வண்டி நிக்குதே."

"நான் முகத்தக் கழுவிட்டுப் படுத்துட்டேன். தூக்கம் வரல. ஆஃப் பண்ணலாம்னு வந்தேன்." மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "வேலைக்குப் போகணும்ல நீங்க? தூங்க வேணாமா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்ததைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. மகள் காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு பாப்பா?" என்று கேட்டார்.

முன்னால் இருந்த லாரியின் பின்விளக்கு எரிந்தது. மெல்ல நகர்ந்து பாதையில் ஏறியது. அவரும் பின்னாலேயே ஏறினார்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலப்பா."

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார் அடுப்புக்காரர். "மலை இன்னும் நிறைய இருக்கு."